நீரை மேலேற்றிய நெருப்பு: கோல்புரூக்டேல் இரும்புலையும் அதன் நீர்த்தேவையும் (1708–1818)

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷையர் பகுதியிலுள்ள கோல்புரூக்டேல் ஊதுலை, மரக்கரிக்கு மாற்றாகக் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியமைக்காக வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அவ்வுலைக்குக் காற்றூதியது நீர்ச்சக்கரமே என்பதும், எரிபொருள் சிக்கல் தீர்ந்த பின்னர் நீர்ப் பற்றாக்குறையே அதன் உற்பத்திக்கு எல்லை வகுத்தது என்பதும் அதே அளவு கவனம் பெறவில்லை. 1742–43இல் அங்கு நிறுவப்பட்ட நீராவி எந்திரம், சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே ஓடிய நீரை மீண்டும் மேற்குளத்திற்கு ஏற்றும் பணியையே செய்தது. நீர்விசைக் காலம் முடிந்து நீராவிக் காலம் தொடங்கியது என்னும் வழக்கமான பகுப்பு இவ்வுலையின் வரலாற்றுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: ஊதுலை, நீர்ச்சக்கரம், துருத்தி, கற்கரி, நியூகோமன் எந்திரம், கோல்புரூக்டேல்

முன்னுரை

தொழிற்புரட்சி பற்றிய பாடநூல்களில் ஆபிரகாம் டார்பி ஒரு வரியில் வந்து போகிறார்: 1709இல் கற்கரியால் இரும்பை உருக்கினார். அதனையடுத்து நீராவி எந்திரம் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மரக்கரியும் நீர்ச்சக்கரமும் ஒருசேர விடைபெற்றுக்கொண்டது போன்ற தோற்றம் படிப்பவர் மனத்தில் பதிகிறது. காடும் ஆறும் தந்தவற்றை நம்பியிருந்த தொழில், நிலத்தடியில் கிடைக்கும் நிலக்கரியை நம்பத் தொடங்கியது என்று அம்மாற்றத்தை ஒரே அடியில் விளக்கிவிடும் போக்கும் உண்டு.

கோல்புரூக்டேல் நிறுமத்தின் கணக்கேடுகளும் கடிதங்களும் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. எரிபொருளைப் பொறுத்தவரை அவ்வுலை 1709இலேயே காட்டிலிருந்து விடுபட்டது. விசையைப் பொறுத்தவரை, அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஓர் ஓடையையே நம்பியிருந்தது. இவ்விரு விடுதலைகளுக்கும் இடைப்பட்ட அந்நீண்ட காலமே இங்கு ஆய்வுப்பொருளாகிறது.

ஓடையும் பள்ளத்தாக்கும்

கோல்புரூக்டேல் என்னும் பெயரைக் கேட்போர் அதன் முதற்பகுதியை நிலக்கரியோடு தொடர்புபடுத்துவது இயல்பு. பழைய ஆவணங்களில் இவ்விடம் 'கால்டெபுரோக்' என்று வழங்கியது. குளிர்ந்த ஓடை என்பது அதன் பொருள். நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகிய பிற்காலத்தில் பெயரும் கரியின் பக்கம் திரிந்தது. உலையின் வரலாற்றை எழுதியவர்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

இவ்வோடை செங்குத்தான ஒரு சிறு பள்ளத்தாக்கின் வழியே இறங்கிச் செவர்ன் ஆற்றில் கலக்கிறது. உலை இருந்த இடத்திலிருந்து ஆற்றங்கரைவரை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. நீரோட்டம் பெரிதன்று, ஆனால் இறக்கம் மிகுதி. குறைந்த நீரைக் கொண்டும் மிகுந்த வேலை வாங்குவதற்கு ஏற்ற இடம் இது. பள்ளத்தாக்கின் குறுக்கே கரைகள் எழுப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் அமைக்கப்பட்டன. மேற்குளத்தின் மதகைத் திறந்தால் நீர் முதற்சக்கரத்தைச் சுழற்றி அடுத்த குளத்தில் விழும். அங்கிருந்து அடுத்த சக்கரத்திற்குச் செல்லும். ஒரே நீர் செவர்னைச் சேருமுன் பலமுறை வேலை செய்தது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிறைக்கும் சங்கிலிக் குளங்களை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். அங்கே வயல்களுக்குச் செல்லும் நீர் இங்கே துருத்திகளுக்கும் சம்மட்டிகளுக்கும் சென்றது.

மடாலயங்கள் கலைக்கப்படும்வரை இந்நிலம் வென்லாக் துறவியர் மடத்திற்கு உரியதாயிருந்தது. 1544இல் புரூக் குடும்பத்தினர் மேட்லி மேனர் நிலங்களை வாங்கினர். 17ஆம் நூற்றாண்டில் அக்குடும்பத்தைச் சார்ந்த பெசில் புரூக் காலத்தில் இங்கு இரும்பு, எஃகுத் தொழில் வளர்ந்தது. இன்று காணப்படும் பழைய உலையின் வார்ப்பிரும்பு உத்தரம் ஒன்றில் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதனை 1638 என்று படிப்போரும் 1658 என்று படிப்போரும் உளர். எவ்வாறு கொண்டாலும், டார்பி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓடைநீரால் இயங்கும் மரக்கரி உலை அங்கு இருந்தது என்பது உறுதி. 1708இல் டார்பி அதனைக் குத்தகைக்கு எடுத்தபோது உலை சிதைந்து பயனற்றுக் கிடந்தது. முந்தைய குத்தகைதாரரான ஷாட்ராக் ஃபாக்ஸ் அங்குப் படைத்துறைக்குக் குண்டுகள் வார்த்தவர்.

துருத்தியும் சக்கரமும்

ஊதுலையின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவது இங்குத் தேவையாகிறது. உயரமான கல் கோபுரம் ஒன்றின் மேல்வாயில் இரும்புத் தாது, எரிபொருள், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை மாறிமாறிக் கொட்டுவர். அடிப்பகுதியில் ஒரு குழாயின் வழியே காற்றைச் செலுத்துவர். காற்றோடு சேர்ந்து எரியும் கரி வெப்பத்தைத் தருகிறது. அவ்வெரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. சுண்ணாம்பு மண்ணையும் கல்லையும் கசடாக்கி மிதக்கவிடுகிறது. உருகிய இரும்பு அடியில் தேங்குகிறது. இவ்வினை இடையறாது நடந்தாக வேண்டும். மூட்டிய உலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரவு பகலாக எரியும். காற்று நின்றால் உள்ளிருக்கும் குழம்பு இறுகி உலையையே அடைத்துவிடும். பின்னர் அடியுலையை இடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே உலைக்காரருக்குத் தேவைப்பட்டது வலிமையான காற்று மட்டுமன்று. நிற்காத, சீரான காற்று. தோலும் பலகையும் கொண்டு செய்த இரு பெருந்துருத்திகள் அருகருகே வைக்கப்பட்டன. நீர்ச்சக்கரத்தின் அச்சில் பதித்த மரப்பற்கள் ஒவ்வொரு துருத்தியாக அழுத்தும். பல் விலகியதும் எதிர்ப்பாரம் துருத்தியை மீண்டும் தூக்கிவிடும். ஒன்று ஊதும்போது மற்றொன்று காற்றை உள்ளிழுக்கும். கொல்லன் பட்டறையில் இரட்டைத் துருத்தி செய்யும் வேலையேதான். அளவு மட்டும் மனிதக் கைக்கு அப்பாற்பட்டது.

இந்த அளவுதான் நீரைத் தவிர்க்கவியலாத தேவையாக்கியது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்ளலாம். நொடிக்கு 100 லிட்டர் நீர் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 5,900 வாட். மேலிருந்து நீர் விழும் நல்ல சக்கரம் அதில் ஐந்தில் மூன்று பங்கை அச்சுக்குக் கொடுக்கும் எனக் கொண்டால், கிடைப்பது 3,500 வாட். அதாவது ஐந்து குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. இனி ஒரு ஏக்கர் பரப்பும் 2 மீட்டர் பயன்படு ஆழமும் உள்ள குளம் ஒன்றை எண்ணுக. அதில் தேங்கும் நீர் ஏறத்தாழ 81 லட்சம் லிட்டர். பார்வைக்குப் பெருநீர். நொடிக்கு 100 லிட்டர் வீதம் மதகு திறந்தால் அக்குளம் இருபத்திரண்டரை மணி நேரத்தில் வற்றிவிடும். ஒரு நாள்கூட முழுமையாக நில்லாது. மாதக்கணக்கில் எரிய வேண்டிய உலைக்குக் குளம் ஒரு சேமிப்பு அன்று. ஓடையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி மட்டுமே. ஓடை வற்றினால் குளத்தால் பயனில்லை.

கற்கரியின் வருகை

டார்பி 1678இல் டட்லிக்கு அருகில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். பர்மிங்காமில் மால்ட் அரைக்கும் ஆலைகளைச் செய்வோரிடம் தொழில் பயின்றார். மால்ட் உலர்த்தும் சூளைகளில் அக்காலத்திலேயே கற்கரி பயன்பட்டது. நிலக்கரிப் புகையின் நாற்றம் பீரில் ஏறாதிருக்க அவ்வாறு செய்தனர். பின் பிரிஸ்டலுக்குச் சென்று பித்தளைத் தொழிலில் ஈடுபட்டார். 1707இல் மணல் அச்சில் இரும்புப் பானைகள் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கோல்புரூக்டேலுக்கு அவர் வந்ததன் நோக்கம் பானைகள் வார்ப்பதே என்பதை மறத்தலாகாது.

உலை 1709 சனவரியில் மூட்டப்பட்டது. நிலக்கரியைக் கற்கரியாக்கியதற்கான கூலி அக்காலக் கணக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் சிலர் கற்கரி உருக்குதலை அவருடைய மகன் இரண்டாம் ஆபிரகாம் டார்பிக்கு உரியதாக்கி 1735 என்னும் ஆண்டைக் குறித்தனர். டி. எஸ். ஆஷ்டனின் நூலும் (1924) ஆர்தர் ரெய்ஸ்ட்ரிக்கின் நூலும் (1953) அதனைத் திருத்தித் தந்தைக்கு உரியதைத் தந்தைக்கு அளித்தன.

அவ்வட்டாரத்து நிலக்கரியில் கந்தகம் குறைவாயிருந்தது டார்பிக்கு வாய்த்த நல்வினை. கற்கரியில் உருகிய இரும்பில் சிலிக்கான் மிகுதி. அதனால் குழம்பு நன்கு ஓடும், மெல்லிய பானைகளாக வார்க்க உதவும். தேனிரும்பு அடிப்பதற்கு அது ஏற்றதாக இல்லை. மேலும் 1750கள்வரை பிற இடங்களில் மரக்கரி இரும்பே மலிவாக இருந்தது என்று சார்லஸ் ஹைட் தம் நூலில் (1977) கணக்கிட்டுக் காட்டினார். டார்பியின் முறை நாற்பது ஆண்டுகள் பரவாமல் கிடந்ததற்கு அவர் கூறும் காரணம் இது. இக்காரணம் வலுவானதே. ஆயினும் விலைக்கணக்கு எரிபொருளோடு நின்றுவிடுகிறது. காற்றுக்கு ஆகும் செலவை அது போதிய அளவு பேசவில்லை.

மரக்கரி எளிதில் தீப்பற்றும். கற்கரி கடினமானது, மெல்ல எரிவது. அதற்கு வலுத்த காற்று வேண்டும். வலுத்த காற்றுக்குக் கூடுதல் விசை வேண்டும். கூடுதல் விசைக்குக் கூடுதல் நீர் வேண்டும். காட்டிலிருந்து விடுபட்ட உலை, அவ்விடுதலையினாலேயே ஓடையோடு முன்னினும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டது. 1715இல் பள்ளத்தாக்கில் கீழுலை எனப்படும் இரண்டாவது உலை கட்டப்பட்டபோது இப்பிணைப்பு மேலும் இறுகியது. மேலுலைச் சக்கரம் கழித்த நீரே கீழுலைக்கும் சென்றது என்றாலும், மேலே மதகு அடைபட்டிருக்கும் நேரமெல்லாம் கீழே வறட்சிதான்.

கோடைக்கால முடக்கம்

மரக்கரிக் காலத்தில் உலைகள் இலையுதிர் பருவத்தில் மூட்டப்பட்டு, இளவேனிலின் இறுதியிலோ கோடையின் தொடக்கத்திலோ அணைக்கப்படுவது பொதுவழக்கம். ஓடையில் நீர் குறையும் மாதங்களில் அடியுலையைப் புதுப்பிப்பர்; தாதும் கரியும் சேகரிப்பர். விறகு வெட்டுவதற்கும் மரக்கரி சுடுவதற்கும் பருவம் இருந்தமையால் தொழில் முழுவதுமே பருவகாலத் தொழிலாக இருந்தது. நீர் நின்றது பெருங்குறையாகத் தோன்றவில்லை.

கற்கரி அச்சமநிலையைக் குலைத்தது. நிலக்கரிச் சுரங்கத்திற்குப் பருவம் இல்லை. எரிபொருள் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. பானைக்கும் வார்ப்புக்கும் தேவை ஆண்டு முழுவதும் இருக்கிறது. தொழிலாளரும் அங்கேயே குடியிருக்கின்றனர். நீர் மட்டும் கோடையில் இல்லை. முன்பு ஓய்வாக இருந்தது இப்போது இழப்பாயிற்று. உலையை அணைத்து மீண்டும் மூட்டுவதே பெருஞ்செலவு. அடியுலைக் கற்களை மாற்ற வேண்டும். மூட்டியபின் உலை சூடேறிச் சீராக இயங்கும்வரை வெளிப்படும் இரும்பு தரம் குறைந்திருக்கும்.

முதலாம் டார்பி 1717இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார். அதன்பின் அவருடைய மருமகன் ரிச்சர்ட் ஃபோர்டு உலைகளை நடத்தினார். பிரிஸ்டல் வணிகர் தாமஸ் கோல்ட்னி பங்காளியாக இருந்தார். 1730களில் ஃபோர்டு கோல்ட்னிக்கு எழுதிய கடிதங்கள் பேணப்பட்டுள்ளன. சரக்கு, விலை, வசூல் ஆகிய வணிகச் செய்திகளோடு நீர்க்குறையும் அக்கடிதங்களில் இடம்பெறுகிறது. பிரிஸ்டலில் இருக்கும் ஒருவருக்கு ஷ்ரோப்ஷையர் மழையைப் பற்றி எழுத வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. மழைதான் அவ்வாண்டின் இரும்பு. வறட்சி மற்றொரு வகையிலும் தாக்கியது. வார்த்த பொருள்கள் செவர்ன் ஆற்றுப் படகுகளில்தான் பிரிஸ்டல் சென்றன. கோடையில் ஆற்றிலும் நீர் வற்றிப் படகுகள் தரைதட்டின. ஓடை வற்றினால் வார்ப்பு இல்லை. ஆறு வற்றினால் வார்த்தது விற்பனைக்குச் செல்லாது.

குதிரையும் எந்திரமும்

1735இல் குதிரைகளால் இயங்கும் நீரேற்றிகள் அமைக்கப்பட்டன. சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே தேங்கும் நீரை அவை மீண்டும் மேற்குளத்திற்கு ஏற்றின. யோசனை எளியது: ஓடை புதுநீர் தராவிட்டால் பழைய நீரையே சுழலவிடலாம். ஆனால் குதிரையின் வலிமைக்கு எல்லை உண்டு. அதற்குத் தீனியும் மாற்றுக் குதிரையும் வேண்டும்.

குதிரைக்கு மாற்றான கருவி கோல்புரூக்டேலுக்குப் புதியதன்று. தாமஸ் நியூகோமன் 1712இல் டட்லி கோட்டைக்கு அருகிலுள்ள சுரங்கத்தில் நிறுவிய நீராவி எந்திரம் சுரங்க நீரை இறைப்பதில் வெற்றி கண்டிருந்தது. தொடக்கத்தில் பித்தளையில் செய்யப்பட்ட அதன் உருளைகளை 1720களிலிருந்து கோல்புரூக்டேல் வார்ப்பிரும்பில் மலிவாக வார்த்துத் தந்தது. சேவரியின் காப்புரிமை 1733இல் முடிவுற்றபின் எந்திரங்கள் பெருகின. உருளைகளுக்கான தேவையும் பெருகிற்று. பிறர் சுரங்கங்களுக்கு நீராவி உருளை வார்த்துக் கொடுத்த உலை, தன் துருத்திக்கு ஓடைநீரை எதிர்நோக்கிக் கொண்டிருந்தது. 1742–43இல்தான் அந்நிறுமம் தனக்கென ஓர் எந்திரத்தை நிறுவிக்கொண்டது.

இந்நிகழ்வுக்குரிய புகழ்பெற்ற சான்று, இரண்டாம் டார்பியின் மனைவி அபையா டார்பி 1775ஐ ஒட்டி எழுதிய கடிதமாகும். நீர்க்குறையால் ஆண்டுக்கு ஒருமுறை உலைகளை அணைக்க நேர்ந்தது, அதனால் பேரிழப்பு ஏற்பட்டது, கீழுள்ள நீரை எந்திரத்தால் மேற்குளங்களுக்கு ஏற்றித் தொடர்ந்து சுழலவிடலாம் என்று தம் கணவர் முன்மொழிந்தார், அது மிக நன்றாகப் பயன்பட்டது, பிறரும் பின்பற்றினர் என்பது அக்கடிதப் பகுதியின் சாரம். தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பெண்ணின் எழுத்து முதன்மைச் சான்றாக நிற்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. இருப்பினும் அதனை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அபையா 1746இல்தான் இரண்டாம் டார்பியை மணந்தார். எந்திரம் நிறுவப்பட்டபோது அவர் அங்கில்லை. எழுதியது முப்பது ஆண்டுகளுக்குப் பின், கணவர் மறைந்த பிறகு. யோசனையைக் கணவருக்கே உரியதாக்குகிறார். அக்காலத்தில் உலைகளை நடத்திய ஃபோர்டின் பங்கு அதில் மறைந்துவிடுகிறது. யார் முன்மொழிந்தார் என்பதற்கு இக்கடிதம் போதிய சான்றாகாது. ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எந்திரத்தின் பணியை அவர் விவரிக்கும் முறையும் துல்லியமானது: எந்திரம் நீரைச் சுழற்றுகிறது, உலையை இயக்குவது நீர்.

எந்திரம் நேரே துருத்தியை இயக்காதது ஏன்?

இன்றைய வாசகருக்கு இவ்வேற்பாடு சுற்றுவழியாகத் தோன்றும். கரியை எரித்து நீராவி, நீராவியால் நீரேற்றி, நீரேற்றியால் குளம், குளத்தால் சக்கரம், சக்கரத்தால் துருத்தி. ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. நியூகோமன் எந்திரம் கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. அவ்வேலையால் ஏற்றிய நீரின் ஆற்றலிலும் சக்கரம் ஒரு பகுதியை இழந்தது. துருத்தியையே எந்திரத்தோடு பிணைத்திருந்தால் இடைப்படிகள் மிஞ்சியிருக்குமே என்னும் கேள்வி எழுகிறது.

விடை எந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது. உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதன்மீது குளிர்நீரைப் பீய்ச்சினால் நீராவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். பெரிய மர உத்தரத்தின் மறுமுனையில் தொங்கும் நீரேற்றித் தண்டு மேலெழும். விசை ஒரு திசையில் மட்டுமே; ஒவ்வொரு அடியும் மற்றதுபோல் இராது; அடிகளுக்கிடையே தயக்கமும் உண்டு. சுரங்கத்திலிருந்து நீரை இறைக்க இது போதும். அடி ஒன்று தவறினாலும் நீர்மட்டம் உடனே உயர்ந்துவிடாது. உலை அவ்வாறன்று. காற்றில் நேரும் ஏற்ற இறக்கம் உருகும் இரும்பின் தன்மையையே மாற்றிவிடும். எந்திரத்தைப் பழுதுபார்க்க ஒருநாள் நிறுத்தினால் உலையும் நின்றாக வேண்டும்.

குளம் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கியது. எந்திரம் தடுமாறித் தடுமாறி நீரை ஏற்றினாலும் மதகிலிருந்து நீர் ஒரே சீராக இறங்கும். எந்திரம் சில மணி நேரம் நின்றாலும் குளத்து நீர் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். மின்கலம் இல்லாத காலத்தில் குளமே ஆற்றல் சேமிப்பாகவும் விசையைச் சீராக்கும் சாதனமாகவும் இருந்தது. முன்னர்க் கூறிய கணக்கில் குளம் ஒருநாள்கூடத் தாங்காது என்றோம். ஓடையை மட்டும் நம்பிய குளத்திற்கு அது பெருங்குறை. எந்திரம் இடைவிடாது நிரப்பும் குளத்திற்கு அந்த ஒருநாள் தாராளமான கால அவகாசம்.

இது அறியாமையால் நேர்ந்த தற்காலிக ஏற்பாடு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. நீர்ச்சக்கரங்களை அளந்தாய்ந்து, மேலிருந்து நீர் விழும் சக்கரம் அடியில் நீர் மோதும் சக்கரத்தைப்போல் இருமடங்கு பயன் தரும் என்று 1759இல் வெளியிட்டவர் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். நியூகோமன் எந்திரத்தின் திறனை ஏறத்தாழ இருமடங்காக உயர்த்தியவரும் அவரே. நீர், நீராவி இரண்டையும் அவரைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் வேறெவரும் இல்லை எனலாம். 1781இல்கூட, மாவாலை ஒன்றைப் பற்றிக் கருத்துரைக்கையில், எந்திரத்தின் ஏறியிறங்கும் அசைவிலிருந்து பெறும் சுழற்சி நீர்ச்சக்கரத்தின் சீரான சுழற்சிக்கு ஈடாகாது என்றே அவர் எழுதினார். எந்திரத்தால் நீரேற்றிச் சக்கரத்தைச் சுழற்றுவதே அவருடைய பரிந்துரை.

கரியின் விலையும் இங்குக் கருதத்தக்கது. உலைகள் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகிலேயே இருந்தன. கற்கரியாக்க உதவாத தூள்கரி கொதிகலனுக்குப் போதும். நீர் அரிதாகவும் கரி மலிவாகவும் உள்ள இடத்தில் நூற்றில் ஒரு பங்கு பயன் தரும் எந்திரமும் இலாபமே. கோடை முழுவதும் உலை எரிவதால் கிடைக்கும் இரும்பின் விலையோடு ஒப்பிட்டால் அக்கரியின் விலை சிறிது.

ஹார்ஸ்ஹே, கெட்லி

கோல்புரூக்டேலில் பழைய உலைக்கு ஒட்டுவேலையாகச் செய்தது அடுத்த பத்தாண்டில் வடிவமைப்பின் அடிப்படையாயிற்று. 1755, 1757 ஆகிய ஆண்டுகளில் ஹார்ஸ்ஹேயில் இரண்டாம் டார்பி புதிய உலைகளை எழுப்பினார். அங்குக் குளங்களும் நீரைத் திருப்பியேற்றும் எந்திரமும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டன. 1750களின் இறுதியில் கெட்லியிலும் அவ்வாறே. இவை தேனிரும்புக்கு உதவும் கற்கரி இரும்பைப் பெருமளவில் தந்தன.

இதன் விளைவு இடவியல் சார்ந்தது. அதுவரை உலைக்கு இடம் தேர்ந்தோர் முதலில் ஓடையைத் தேடினர். இறக்கமான ஓடை எங்கோ அங்கே உலை. தாதும் கரியும் அவ்விடத்திற்குச் சுமந்து வரப்பட்டன. ஒரே நீரைச் சுழலவிட முடியும் என்றானபின், ஆவியாதலாலும் கசிவாலும் குறைவதை ஈடுசெய்யும் அளவு சிறுநீரோட்டம் போதுமாயிற்று. உலை சுரங்கத்தை நோக்கி நகரலாம். ஹார்ஸ்ஹேயும் கெட்லியும் நிலக்கரிப் படுகையின் மேல் அமைந்தவை. இரும்புத்தொழில் நிலக்கரி வயல்களுக்கு இடம்பெயர்ந்ததை நீராவியின் வெற்றி என்று கூறுவது வழக்கம். அவ்விடப்பெயர்ச்சியின் முதற்கட்டத்தில் துருத்தியைச் சுழற்றியது சக்கரந்தான். ஹைட் கூறும் 1750களின் விலைமாற்றத்தை இச்செய்தியோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். கற்கரி உலையை ஆண்டு முழுவதும் எரியவைக்க முடிந்ததும் அவ்விலை இறக்கத்தில் பங்கு கொண்டது எனக் கருத இடமுண்டு.

நேரடி ஊதலும் பழைய உலையின் இறுதியும்

சக்கரத்தை இடையிலிருந்து அகற்றியவர் ஜான் வில்கின்சன். 1776இல் வில்லியிலுள்ள தம் உலையில் பௌல்டன், வாட் எந்திரத்தை நேரே காற்றூதும் பணியில் ஈடுபடுத்தினார். 38 அங்குல உருளை கொண்ட அவ்வெந்திரம் தோல்துருத்திக்கு மாற்றாக வார்ப்பிரும்பு ஊதுருளையை இயக்கியது. வில்லி, செவர்னின் மறுகரையில் கோல்புரூக்டேலுக்கு அண்மையில் உள்ள இடம்.

அண்மையில் இருந்தும் கோல்புரூக்டேல் உடனே பின்பற்றவில்லை. மூன்றாம் ஆபிரகாம் டார்பி 1777இல் பழைய உலையை விரிவாக்கினார். அவருடைய பெயரும் அவ்வாண்டும் உலையின் மேல் உத்தரத்தில் உள்ளன. செவர்னின் குறுக்கே 1779இல் நிறுத்தப்பட்ட இரும்புப் பாலத்தின் வார்ப்புகளுக்காகவே இவ்விரிவாக்கம் என்பது பரவலான கருத்து. அப்பாலம் ஏறத்தாழ 378 டன் எடையுள்ளது. அவ்வார்ப்புகள் இவ்வுலையிலேயே வார்க்கப்பட்டன என்பதற்கு நேரடிச் சான்றில்லாததால் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 1781 சனவரி 1ஆம் நாள். அவ்வாண்டில் கோல்புரூக்டேல் நிறுமம் ஒரு பௌல்டன், வாட் எந்திரத்தை நிறுவத் தொடங்கியது. 'ரெசல்யூஷன்' எனப் பெயரிடப்பட்ட அவ்வெந்திரத்திற்கும் கொடுக்கப்பட்ட வேலை பழைய வேலையே: கீழ்க்குளத்து நீரை மேற்குளத்திற்கு ஏற்றுதல். உலகின் முதல் இரும்புப் பாலத்தை எழுப்பியவர்கள், அக்காலத்தின் மிகச் சிறந்த எந்திரத்தை வாங்கி, அதனைக் கொண்டு நீர்ச்சக்கரத்திற்கு நீர் ஊற்றினார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று கொள்ள இயலாது. குளங்களும் மதகுகளும் சக்கரங்களும் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் முதலீடும் இருந்தது. நியூகோமன் எந்திரத்தைவிட மிகக் குறைந்த கரியில் வாட் எந்திரம் அதே நீரை ஏற்றியது. மேலும் அந்நீர் ஒரே உலைக்கு மட்டுமன்றி, பள்ளத்தாக்கு நெடுகிலும் இருந்த சக்கரங்கள் அனைத்துக்கும் விசை தந்தது. ஒரு பெரிய எந்திரத்தின் விசையைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளிக்க அக்காலத்தில் நீரைவிடச் சிறந்த ஊடகம் இல்லை.

நீரால் ஊதப்பட்ட அவ்வுலை 1818ஐ ஒட்டி நிறுத்தப்பட்டது. அதற்குள் இரும்புத்தொழிலின் மையம் தென்வேல்சு முதலிய இடங்களுக்கு நகர்ந்திருந்தது. கோல்புரூக்டேலில் உருக்குதல் நின்றதேயன்றி வார்ப்புத்தொழில் நிற்கவில்லை. வெளியிலிருந்து வந்த இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை அங்கு 2017வரை இயங்கியது. மண்மூடிக் கிடந்த பழைய உலை 1959இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. கற்கரி உருக்குதலின் 250ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு அது செய்யப்பட்டது. 1986இல் அப்பள்ளத்தாக்குப் பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அங்குச் செல்வோர் காண்பது உலையின் கல்லுடம்பை. துருத்திகளும் சக்கரமும் மரத்தாலும் தோலாலும் ஆனவையாதலால் எஞ்சவில்லை.